பழைய நோக்கியா சிம்பியன் போனில் மென்பொருளும் விளையாட்டும் நிறுவுதல்: முழுமையான வழிகாட்டி

இழுப்பறையில் கிடந்த 6600-ஐயோ என்73-ஐயோ எடுத்துச் சார்ஜ் ஏற்றி, இணையக் காப்பகம் ஒன்றிலிருந்து பழைய விளையாட்டு ஒன்றை இறக்கி, நிறுவப்போன இடத்தில் ஒற்றை வரிப் பிழைச்செய்தியோடு நின்றுபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் அப்படி வந்த போன்களில் உண்மையிலேயே பழுதானவை மிகச் சில. மற்றவற்றில் ஒன்று கோப்பு அந்தப் போனுக்கு உரியதாக இல்லை, அல்லது கோப்பு சரியாக இருந்தும் வேலையின் வரிசை தவறிவிட்டது. ஆகவே கீழுள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக நான்காம் படிக்கு முன் மூன்றாம் படியை முடித்துவிட வேண்டும். ஏன் என்பது அங்கே வரும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பேட்டரி. பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியைச் சமமான மேசைமீது வைத்துச் சுழற்றிப் பாருங்கள். தட்டாமாலை போலச் சுற்றினால் அது உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் ஏற்றக் கூடாது. 6600, என்70 ஆகியவற்றுக்கு பிஎல்-5சி, என்73-க்கு பிபி-6எம், என்95-க்கு பிஎல்-5எஃப், ஈ63, ஈ71 ஆகியவற்றுக்கு பிபி-4எல், 5800, 5230 ஆகியவற்றுக்கு பிஎல்-5ஜே பொருந்தும். இவற்றுள் பிஎல்-5சி கவலையே இல்லை. கையடக்க எஃப்எம் ரேடியோக்களின் புண்ணியத்தில் இன்றும் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. மற்றவற்றுக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து சார்ஜர். 6600-க்குத் தடித்த 3.5 மில்லிமீட்டர் பின். என்70, என்73, ஈ63 போன்றவற்றுக்கு மெல்லிய 2 மில்லிமீட்டர் பின். தடித்த பின்னை மெல்லியதாக மாற்றும் சிறு இணைப்பியும், யுஎஸ்பி-யிலிருந்து மெல்லிய பின்னுக்கு வரும் கேபிளும் கிடைக்கின்றன.

மூன்றாவது மெமரி கார்டு. 6600-க்கு எம்எம்சி, என்73-க்கு மினிஎஸ்டி, என்95, ஈ63, 5800 ஆகியவற்றுக்கு மைக்ரோஎஸ்டி. என்70-க்கு வேண்டியது இரட்டை மின்னழுத்த ஆர்எஸ்-எம்எம்சி. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் சாதாரண ஆர்எஸ்-எம்எம்சி அதில் வேலை செய்யாது. வாங்கி ஏமாந்தவர்கள் பலர். என்73-க்கு மைக்ரோஎஸ்டி-யை மினிஎஸ்டி-யாக மாற்றும் உறை போதும். பழைய போன்களுக்கு 2 ஜிபி-க்கு மேல் போகாதீர்கள். கணினியில் கார்டைப் படிக்கும் ரீடர் ஒன்றும் வேண்டும்.

சிம் சிக்னல் பிடிக்கிறதா என்பதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம். நிறுவுவதற்கு நெட்வொர்க் தேவையில்லை. போனின் சொந்த உலாவியிலிருந்து நேரடியாக இறக்கலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இன்றைய தளங்கள் கேட்கும் பாதுகாப்பு முறைகளை அந்த உலாவிகள் அறியா. கோப்புகள் எல்லாம் கணினி வழியாகத்தான் வர வேண்டும்.

2. உங்கள் போன் எந்தப் பதிப்பு என்று உறுதிசெய்தல்

தோல்விகளில் பெரும்பகுதி இங்கேயே தொடங்குகிறது. எல்லாமே நோக்கியா, எல்லாவற்றிலும் ஓடுவது சிம்பியன் என்ற ஒரே இயங்குதளம்தானே என்று நினைத்து, ஒரு போனுக்கான கோப்பை இன்னொன்றில் போடுகிறார்கள். எஸ்60 எனப்படும் இடைமுகத்தின் பதிப்புதான் இங்கே கணக்கு.

7650, 3650, முதல் என்-கேஜ் ஆகியவை முதல் பதிப்பு. 6600, 6630, 6680, 7610, என்70 ஆகியவை இரண்டாம் பதிப்பு. 3250, என்73, என்80, என்95, ஈ61, ஈ63, ஈ71, 6120 கிளாசிக் ஆகியவை மூன்றாம் பதிப்பு. தொடுதிரை கொண்ட 5800, 5230, என்97 ஆகியவை ஐந்தாம் பதிப்பு. நான்காம் பதிப்பு என்று ஒன்று வெளிவரவில்லை. அதைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

இரண்டாம் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் நடுவில் கடக்க முடியாத சுவர் ஒன்று இருக்கிறது. மூன்றாம் பதிப்பு சிம்பியன் 9-இன் மேல் கட்டப்பட்டது. அதில் நிரல்கள் தொகுக்கப்படும் முறையே மாறியதோடு, எந்த நிரலுக்கு எந்த அனுமதி என்ற பாதுகாப்பு அடுக்கும் புதிதாக வந்தது. எனவே என்70-க்கான சிஸ் கோப்பு (சிம்பியன் நிரல்களின் நிறுவல் கோப்பு) என்73-இல் எந்த உபாயத்தாலும் ஓடாது, மறுதலையும் அப்படியே. முதல் பதிப்புக்கான நிரல்கள் பல இரண்டாம் பதிப்பில் ஓடும். மூன்றாம் பதிப்புக்கானவை ஐந்தாம் பதிப்பில் ஓரளவு ஓடும், ஆனால் 5800, 5230 போன்றவற்றில் விசைப்பலகை இல்லாததால் விளையாட்டுகள் திணறும்.

திரையளவையும் குறித்துக்கொள்ளுங்கள். 6600-உம் என்70-உம் 176 x 208; என்73-உம் என்95-உம் 240 x 320; ஈ63-உம் ஈ71-உம் படுக்கைவாக்கில் 320 x 240; 5800-உம் 5230-உம் 360 x 640. ஜாவா விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த எண்கள்தான் கைகொடுக்கும்.

3. போனை அழிப்பதற்கு முன் காப்பாற்ற வேண்டியவற்றைக் காப்பாற்றுதல்

வெகுநாள் கிடந்த போனில் பாதி நிறுவப்பட்ட நிரல்களும் உடைந்த கோப்புகளும் இருக்கும். ஆகவே முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குவதையே நான் விரும்புவேன். ஆனால் அதில் பழைய குறுஞ்செய்திகள் இருக்கும். சில வீடுகளில், இப்போது இல்லாத ஒருவர் அனுப்பியவையாகவும் இருக்கும். கணினியில் இயங்கும் நோக்கியா பிசி சூட் வழியாகவோ, போனிலேயே உள்ள கார்டுக்குக் காப்பெடுக்கும் வசதி வழியாகவோ அவற்றை முதலில் எடுத்துவையுங்கள்.

இங்கே பலர் அறியாத கண்ணி ஒன்று உண்டு. சிம்பியன் போன்களில் மெமரி கார்டுக்குக் கடவுச்சொல் வைக்க முடியும். அப்படி வைத்த கார்டு, வைத்த போனில் மட்டும் கேட்காமலே திறக்கும். ஏனெனில் கடவுச்சொல்லைப் போன் தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. போனை அழித்தால் அதுவும் அழியும். அதன்பின் கார்டு போனிலும் திறக்காது, கணினி ரீடரிலும் தெரியாது. ஆகவே மெமரி கார்டு அமைப்புக்குள் சென்று கடவுச்சொல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கிவிட்டே மேலே செல்லுங்கள். மூன்றாம் படி நான்காம் படிக்கு முன் வரவேண்டிய காரணம் இதுதான்.

4. போனைத் துப்புரவாக்குதல்

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, கார்டையும் சிம்மையும் வெளியே எடுத்துவிடுங்கள். முகப்புத் திரையில் *#7370# என்று அழுத்தினால் போன் பூட்டுக் குறியீட்டைக் கேட்கும். யாரும் மாற்றாதிருந்தால் அது 12345. அதன்பின் போனின் உள்நினைவகம் முழுதும் அழிந்து, கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். *#7780# என்பது அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும், கோப்புகளை அழிக்காது. நமக்கு வேண்டியது முதலாவது.

சிம் இல்லாமல் முகப்புத் திரைக்கே போகாத போன்களில் ஏதேனும் ஒரு சிம்மைப் போட்டுக்கொள்ளலாம். பூட்டுக் குறியீடு மறந்துபோயிருந்தால், போனை அணைத்து, பச்சை விசை, நட்சத்திர விசை, 3 ஆகிய மூன்றையும் அழுத்திப் பிடித்தபடியே இயக்க விசையை அழுத்த வேண்டும். என்70, என்73 போன்றவற்றில் இது வேலை செய்யும். மூன்று விரல் போதாமல் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட நேரும், பரவாயில்லை. இந்த வேலை நடக்கும்போது பேட்டரி இறங்கினால் போன் மறுபடி எழாமலே போகலாம். முழு சார்ஜ் என்று சொன்னது அதனால்தான்.

போன் எழுந்ததும், மூன்றாம் படியில் கார்டில் காப்பெடுத்திருந்தால் அதை ரீடர் வழியாகக் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, கார்டைப் போட்டு, போனிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கணினியில் ஃபார்மேட் செய்தால் பழைய போன் படிக்க முடியாத வடிவத்தில் அமைந்துவிடும் வாய்ப்பு உண்டு.

5. இறக்கிய கோப்பைச் சோதித்தல்

சிஸ் கோப்பின் பெயரில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. காப்பகங்களில் பெயரும் பதிப்பும் மாறிக் கிடக்கின்றன. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஏதேனும் ஒன்றில் கோப்பைத் திறந்து முதல் நான்கு பைட்டுகளைப் பாருங்கள். 7ஏ, 1ஏ, 20, 10 என்று தொடங்கினால் அது மூன்றாம் அல்லது ஐந்தாம் பதிப்புக்கானது. வேறு எப்படித் தொடங்கினாலும் பழைய பதிப்புகளுக்கானது, அல்லது சிஸ் கோப்பே இல்லை. இந்த ஒரு நிமிடச் சோதனை அரை நாள் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் பதிப்புப் போன் வைத்திருப்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அவற்றில் அனுமதி அடுக்கு இல்லாததால், நிறுவப்பட்ட நிரல் எதையும் செய்யலாம். 2004-இல் புளூடூத் வழியாகப் பரவிய காபிர், 2005-இல் எம்எம்எஸ் வழியாகவும் பரவிய காம்வாரியர் ஆகிய இரண்டும் இந்தப் போன்களைத்தான் தாக்கின. பழைய தொகுப்புகளில் இவற்றின் மிச்சங்கள் இன்றும் ஒளிந்திருக்கலாம். கணினியின் வைரஸ் தடுப்பான் கொண்டு ஒருமுறை சோதியுங்கள். ஒரே தொகுப்பில் நூறு விளையாட்டு என்று வருபவற்றைத் தொடாதீர்கள்.

6. தேதியும் இரண்டு அமைப்புகளும்

இது மூன்றாம், ஐந்தாம் பதிப்புப் போன்களுக்கான படி. இரண்டாம் பதிப்புக்காரர்கள் நேராக ஏழுக்குப் போகலாம்.

சிம்பியன் 9-இலிருந்து ஒவ்வொரு சிஸ் கோப்பிலும், யார் கையொப்பமிட்டார் என்று காட்டும் ஒரு சான்றிதழ் பதிந்திருக்க வேண்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. நிறுவும் நேரத்தில் போன் தன் கடிகாரத்தைப் பார்த்து, இன்றைய தேதி அந்த இடைவெளிக்குள் இருக்கிறதா என்று சோதிக்கிறது. 2007-இல் வந்த நிரலின் சான்றிதழ் எப்போதோ காலாவதியாகியிருக்கும். எனவே போனின் தேதியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு, ஒரேயடியாக 2000-க்கோ 2004-க்கோ போய்விடுவது. அப்போது சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று போன் மறுக்கும். நிரல் வெளியான தேதிக்கு ஒரு மாதம் பிந்திய தேதியை வையுங்கள். வெளியான தேதி தெரியாவிட்டால், தொகுப்பிலுள்ள கோப்புகள் கடைசியாக மாற்றப்பட்ட தேதி நல்ல துப்பு.

தேதியை மாற்றும்போது, நெட்வொர்க்கிலிருந்து நேரத்தைத் தானாகப் பெறும் அமைப்பு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மெனுவுக்குள் செல்வதற்குள் கடிகாரம் இன்றைக்குத் திரும்பியிருக்கும். ‘தேதியை மாற்றியும் வரவில்லையே’ என்று கேட்பவர்களில் பாதிப்பேரின் சிக்கல் இதுவே.

அடுத்து ஆப் மேனேஜரைத் திறந்து, ஆப்ஷன்ஸ் வழியாக அதன் செட்டிங்ஸுக்குச் செல்லுங்கள். ‘சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்’ என்பதில் ‘சைன்டு ஒன்லி’ என்று இருக்கும். அதை ‘ஆல்’ என்று மாற்றுங்கள். முன்னது இருக்கும்வரை, உருவாக்கியவரே கையொப்பமிட்ட இலவச நிரல்கள் எவையும் உள்ளே வரா. ‘ஆன்லைன் சர்டிஃபிகேட் செக்’ என்பதை ‘ஆஃப்’ ஆக்குங்கள். அது இயங்கினால், சான்றிதழ் திரும்பப் பெறப்பட்டதா என்று இணையத்தில் விசாரிக்கப் போன் முயலும்; பதில் வராதபோது நிறுவல் நின்றுபோகும்.

சான்றிதழ் நிறுவும்போது மட்டுமே சோதிக்கப்படுகிறது. ஆகவே வேண்டியவை அனைத்தையும் நிறுவி முடித்தபின் தேதியை இன்றைக்கு மாற்றிவிடலாம். நிரல்கள் தொடர்ந்து ஓடும். விதிவிலக்கு, குறிப்பிட்ட நாள்வரை மட்டும் இயங்கும் சோதனைப் பதிப்புகள். அவை தேதி தாவியதும் காலம் முடிந்ததாகக் கருதிவிடும்.

7. கோப்பைப் போனுக்குள் கொண்டுசெல்லுதல்

என்னுடைய தேர்வு கார்டு ரீடர்தான். கார்டில் ஒரு கோப்புறை உருவாக்கி, சிஸ் கோப்புகளை அதில் போட்டு, போனின் ஃபைல் மேனேஜரில் அந்தக் கோப்பைத் திறந்தால் நிறுவல் தொடங்கும். ஓட்டுநர் மென்பொருள், கேபிள் என்ற தொல்லை இல்லை.

6600-இல் மட்டும் புளூடூத்தே எளிது. அங்கே வரும் கோப்பு குறுஞ்செய்தி போல இன்பாக்ஸில் விழும். அந்தப் போனின் உள்நினைவகமோ 6 எம்பி. இரண்டு எம்பி கோப்பு இன்பாக்ஸில் கிடக்க, அதையே பிரித்து நிறுவவும் இடம் வேண்டும் என்றால் எங்கே போவது? எனவே கோப்பை அனுப்புமுன் மெசேஜிங் அமைப்பில், செய்திகளைச் சேமிக்கும் இடமாக மெமரி கார்டைத் தேர்ந்தெடுங்கள். நிறுவியதும் இன்பாக்ஸ் செய்தியை அழித்துவிடுங்கள். இன்றைய ஸ்மார்ட்போன்கள் சில, சிஸ் வகைக் கோப்பைப் புளூடூத்தில் அனுப்ப மறுக்கும். அப்போது கணினியிலிருந்து அனுப்புங்கள்.

8. நிறுவும் வரிசை

முதலில், மெனு விசையை நீண்ட நேரம் அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்து, ‘சி’ எனக் குறித்த அழிப்பு விசையால் ஒவ்வொன்றையும் மூடுங்கள். நினைவகம் குறைந்த போன் நடுவழியில் நிற்பதைத் தவிர்க்க இது உதவும்.

ஒரு நிரல் இன்னொன்றை நம்பியிருந்தால், நம்பப்படுவது முதலில் போக வேண்டும். எடுத்துக்காட்டாக, மூன்றாம் பதிப்பில், பைதான் நிரல்மொழியின் எஸ்60-க்கான 2.0 பதிப்பில் எழுதிய சிறு நிரலை ஓட்ட விரும்பினால், பிப்ஸ் எனப்படும் நூலகம் முதலில், பைதான் இயக்கச்சூழல் இரண்டாவதாக, உங்கள் நிரல் கடைசியாக. இதைத் தலைகீழாகச் செய்தால் நிரல் நிறுவப்பட்டுவிடும், ஐகானும் வரும், அழுத்தினால் மட்டும் எதுவும் நடக்காது. பிழைச்செய்தியும் வராது என்பதால்தான் இது மோசமான தவறு.

போன் நினைவகமா, கார்டா என்று கேட்கும்போது, நூலகங்களையும், போன் எழும்போதே தொடங்க வேண்டிய நிரல்களையும் போன் நினைவகத்தில் வையுங்கள். விளையாட்டுகளைக் கார்டில் வையுங்கள். மூன்றாம் பதிப்பில், கார்டில் நிறுவிய நிரலின் அடையாளக் குறி போனுக்குள் பதியப்படுகிறது. கார்டைக் கழற்றி அதே மாதிரி இன்னொரு போனில் போட்டால் அந்த நிரல் ஓடாததற்கு அதுவே காரணம். அந்தப் போனிலும் சிஸ் கோப்பைத் திறந்து முறையாக நிறுவத்தான் வேண்டும்.

எதை முதலில் நிறுவுவது என்று கேட்டால், எக்ஸ்-ப்ளோர் போன்ற கோப்பு மேலாளர் ஒன்றைச் சொல்வேன். எந்தக் கோப்பு எங்கே போயிற்று என்று கண்ணால் பார்க்க முடிந்தால் மற்றச் சிக்கல்களை நீங்களே அவிழ்ப்பீர்கள். பழைய கணினிச் சாகச விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் போல, இயக்கி தனியாகவும் விளையாட்டின் தரவு தனியாகவும் வருபவற்றுக்கு அது இன்றியமையாதது.

9. பிழைச்செய்திகளின் பொருள்

‘எக்ஸ்பயர்டு சர்டிஃபிகேட்’ என்றால் தேதி. ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

‘சர்டிஃபிகேட் எரர், கான்டாக்ட் தி அப்ளிகேஷன் சப்ளையர்’ என்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ‘ஆல்’ என்று மாற்ற மறந்திருக்கலாம். கோப்பில் கையொப்பமே இல்லாதிருக்கலாம். அல்லது வேறொருவரின் போனுக்கென்று, அவருடைய ஐஎம்இஐ எண்ணோடு பிணைத்துக் கையொப்பமிட்ட கோப்பாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படிக் கையொப்பமிட்டுப் பகிர்ந்தவை ஏராளம். கடைசி வகைக் கோப்பை விட்டுவிட்டு வேறு பிரதி தேடுவதே வழி.

கையொப்பம் இல்லாத கோப்புக்கு நீங்களே கையொப்பமிடலாம். பழைய எஸ்60 உருவாக்கத் தொகுப்பில் உள்ள மேக்கீஸ் கருவி சாவியையும் சான்றிதழையும் உண்டாக்கும். சைன்சிஸ் கருவி அவற்றைக் கோப்பில் பதிக்கும். ஆனால் இவ்வாறு இட்ட கையொப்பம், இணைய அணுகல், பயனர் தரவைப் படித்தல், எழுதுதல் போன்ற சில எளிய அனுமதிகளை மட்டுமே தரும். அதற்கு மேல் கேட்கும் நிரல்களுக்குச் சிம்பியன் சைன்டு சேவையின் கையொப்பம் தேவைப்பட்டது. அது 2014 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அத்தகைய நிரல்களுக்கு, உருவாக்கிய நிறுவனமே கையொப்பமிட்டு வெளியிட்ட பிரதியைத்தான் தேட வேண்டும்.

‘அப்டேட் எரர்’ என்றால், அதே நிரலின் வேறு கையொப்பமிட்ட பதிப்பு ஏற்கெனவே போனில் இருக்கிறது. ஆப் மேனேஜரில் பழையதை நீக்கி, போனை ஒருமுறை அணைத்து எழுப்பிவிட்டு, புதியதை நிறுவுங்கள். பழையதன் மேலேயே பத்து முறை முயல்வதால் பயனில்லை.

10. ஜாவா விளையாட்டுகள்

இவை பதிப்புச் சுவரைத் தாண்டும் என்பதால் எளிது. பெரும்பாலும் இரண்டு கோப்புகளாகக் கிடைக்கும்: விளையாட்டைக் கொண்ட ஜார், அதைப் பற்றிய விவரத்தைக் கொண்ட ஜாட். ஜாட் கோப்பில் ஜாரின் அளவு பைட் கணக்கில் எழுதியிருக்கும். யாரேனும் ஜாரை மாற்றியிருந்தால் இரண்டும் பொருந்தாமல் நிறுவல் தோற்கும். வேண்டிய விவரங்கள் ஜாருக்குள்ளேயும் இருப்பதால், ஜாரை மட்டும் திறந்து நிறுவுங்கள்.

திரையளவு பொருந்தும் பிரதியைத் தேர்ந்தெடுங்கள். 240 x 320-க்கான விளையாட்டை ஈ63-இல் போட்டால் அடிப்பகுதி வெட்டுப்படும். மதிப்பெண்ணும் உயிர்க்கணக்கும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 5800, 5230 ஆகியவற்றில், ஆப் மேனேஜரில் அந்த விளையாட்டின் அமைப்புக்குள் சென்று திரை விசைப்பலகையை இயக்கவோ நிறுத்தவோ முடியும். தொடுதிரைக்கென்று எழுதிய விளையாட்டுக்கு அதை நிறுத்தினால்தான் முழுத்திரை கிடைக்கும். விளையாட்டு அடிக்கடி இணைய அனுமதி கேட்டுத் தொல்லை கொடுத்தால், அதே இடத்தில் அனுமதியை மறுத்துவையுங்கள். அது தேடும் சர்வர் பெரும்பாலும் இன்று இருக்காது.

11. என்-கேஜ் பற்றி ஒரு வார்த்தை

என்-கேஜ் என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உண்டு. 2003-இல் வந்த போனுக்கான விளையாட்டுகள் எம்எம்சி கார்டில் விற்கப்பட்டவை. பின்னர் என்95 போன்றவற்றுக்கு வந்தது ஒரு சேவை. அதன் விளையாட்டுகளை முழுதாகத் திறக்க இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது, அந்தச் சேவை மூடப்பட்டுவிட்டது. இரண்டாவதற்காக நேரம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. முதலாவதை விளையாட ஆசை இருந்து போன் இல்லையென்றால், கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இயங்கும் இகேஏ2எல்1 என்ற போலியாக்கி (எமுலேட்டர்) இருக்கிறது.

12. முடித்தபின் செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்து, ஓடுகிறது என்று உறுதிசெய்தபின் தேதியை இன்றைக்கு மாற்றுங்கள். ‘சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன்’ அமைப்பை மறுபடி ‘சைன்டு ஒன்லி’ ஆக்குங்கள். வெற்றிகரமாக நிறுவிய சிஸ், ஜார் கோப்புகளைக் கணினியில் ஒரு கோப்புறையில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதி வைத்து நிறுவினீர்கள் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, போனைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.